மெஸ் அடுப்பில் மூன்று விரிசல்கள்

வார்ப்பிரும்பைப் போல ஆளை அலுக்க வைக்கும் உலோகம் வேறு இல்லை. சாதாரண இரும்பு அடித்தால் வளையும், காய்ச்சினால் இளகும், தப்பாகப் போனால் அறுத்தெறிந்துவிட்டு மறுபடியும் செய்யலாம். வார்ப்பிரும்பிடம் அந்தப் பேச்சே கிடையாது. நின்றால் நிற்கும், இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஆயுசு முழுக்க வெல்டிங் பார்த்தவன் நான். இன்றைக்கும் யாராவது உடைந்த வார்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் எனக்குக் கொட்டாவிதான் வரும். பயம் அதற்குப் பின்னால் வரும்.

நெய்வேலிக்கு நான் போனது அறுபதுகளின் தொடக்கத்தில். நகரியத்தில் பாதி பிளாக்குகளுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை வரவில்லை. குவார்ட்டர்ஸ் என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. ஒரு காண்ட்ராக்டரின் ஒர்க்‌ஷாப்பில் நான் தற்காலிக வெல்டர். தகரக் கொட்டகையில் நாலு பேரோடு வாசம். மண் வாரும் இயந்திரத்தின் பல் தேய்ந்தால் பூசுவது, பைப் ஒழுகினால் அடைப்பது, கேட்டின் கீல் போனால் அதையும் பார்ப்பது என்று எதற்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்கு விடுவதாகப் பேச்சு. பேச்சோடு சரி.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது களைப்புதான். ஊரே களைத்துக் கிடந்தது. மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதும், ஒரு கூட்டம் போகும், ஒரு கூட்டம் வரும். போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் முகத்தில் வித்தியாசம் இருக்காது. வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் தூங்கியிருக்கிறேன்.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததற்கு ஒரே ஒரு காரணம். மைன்ஸில் வெல்டர்களை பெர்மனென்ட்டாக எடுக்கப் போகிறார்கள், அதற்கு ட்ரேடு டெஸ்ட் நடக்கும், எங்கள் ஃபோர்மேன் யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வருடமும் ஃபோர்மேனிடம் 'முடியாது' என்று நான் சொன்னதே இல்லை. அவரும் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னை நன்றாகவே வேலை வாங்கினார்.

சாப்பாடு ஒரு மெஸ்ஸில். ஃபோர்மேனுக்கு வேண்டிய ஒருவர்தான் அதை நடத்தினார். கல்யாணம் ஆகாதவர்களும், ஆகியும் குடும்பத்தைக் கூட்டிவர வீடு கிடைக்காதவர்களுமாக எப்போதும் கூட்டம். முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. சோற்றில் கை வைக்க மாட்டார். ஆனால் எது நடந்தாலும் அதற்கு ஒரு ஆள் காரணமாக இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறவர். மழை பெய்து விறகு நனைந்தால்கூட யாரையாவது பெயர் சொல்லித் திட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அங்கே அடுப்பு என்றால் மண் அடுப்பு இல்லை. பழைய இரும்பு ஏலத்தில் எடுத்துவந்த ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி. செங்கல்லால் இடுப்பு உயர மேடை கட்டி, மேடையின் வயிற்றில் அந்தப் பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள். முன்னால் விறகு தள்ளும் கதவு, அடியில் சாம்பல் விழும் சல்லடை, மேலே இரண்டு அண்டாக்கள் உட்காரும்படி இரண்டு வட்டம், பின்னால் புகைக்குழாய். எரிப்பது முந்திரி விறகு. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும். சோறு வடித்த பிறகு தணல் நிற்பதற்காக இரண்டு கரிக்கட்டியை மேலே போட்டு வைப்பார்கள். கரி என்றால் எங்கள் ஊர்க் கரி, சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரி.

அந்த மெஸ்ஸில் பாத்திரம் கழுவி, சாம்பல் அள்ளி, கடைசியாகக் கூட்டி மூடிவிட்டுப் போகும் வேலைக்கு ஒரு அக்கா இருந்தார். முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது, பரம்பரையாகக் கூலி வேலை. சுரங்கம் வந்ததும் காண்ட்ராக்டில் கரிமேட்டு வேலைக்குப் போனார். வெட்டி எடுத்த கரியை மலை மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள். அது சும்மா கிடக்காது. வெயில் ஏறினால் யாரும் பற்ற வைக்காமலே உள்ளுக்குள் கனிய ஆரம்பித்துவிடும். எங்கே புகை கிளம்புகிறதோ அங்கே ஓடித் தண்ணீர் அடிக்க வேண்டும். இரண்டு வருடம் அதைச் செய்து நெஞ்சில் தூள் இறங்கி, பேசினாலே இருமல் வரும் அளவுக்கு ஆனபிறகுதான் யார் யாரிடமோ சொல்லி இந்த மெஸ் வேலை கிடைத்தது.

"கூரைக்கி கீழ ஒரு வேல தம்பி. இது போதுங்க எனக்கு. மறுபடியும் அந்த மேட்டுல போயி நிக்க என் ஒடம்புல தெம்பு இல்லீங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், ஆனால் மரியாதை குறையாது. நான் தாமதமாக வந்தால் குழம்பின் அடியில் கிடக்கும் காயை எனக்காக ஒதுக்கி வைத்திருப்பார். அதற்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. சாப்பிட்ட கையோடு போய்ப் படுத்துவிடுவேன்.

முதல் விரிசல் எதனால் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பழைய வார்ப்பு, எத்தனை வருடம் எங்கே எரிந்ததோ. பெட்டியின் இடது பக்கத் தகட்டில், மேல் மூலையிலிருந்து கதவை நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. அந்தப் பிளவு வழியாகக் காற்று புகுந்து தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு அண்டா கொதிக்கும், இன்னொன்று ஈ ஓட்டும். சமையல்கட்டு முழுக்கப் புகை. சாம்பாரில்கூடப் புகை நாறியது. முதலாளி ஃபோர்மேனிடம் சொல்ல, ஃபோர்மேன் என்னிடம் சொன்னார்.

"வார லீவுல போய் முடிச்சிடு. நம்ம ஆளு. நல்லா செய்யணும்."

என் வார லீவு அப்படித்தான் போகும். நானும் கொத்தனார் ஒருவரும் சேர்ந்து மேடையின் முன்பக்கச் செங்கலைப் பெயர்த்துப் பெட்டியை வெளியே இழுத்தோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் அதன்மேல் சாக்பீஸைப் பூசினேன். பிளவுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த இடத்தைவிட இரண்டு விரற்கடை அதிகமாகவே கோடு ஓடியிருந்தது. அது முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டேன். அந்தத் துளை இல்லாவிட்டால் விரிசல் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு உளியால் கோட்டின் நெடுக வாய் பிளந்தேன்.

வார்ப்பைக் காய்ச்சாமல் ஒட்டக் கூடாது. சுற்றிலும் கரியடுக்கி, ஊதி, பெட்டி முழுவதும் மங்கலாகச் சிவக்கும் வரை காத்திருந்து, கேஸ் வெல்டிங்கில் வார்ப்பிரும்பு ராடை உருக்கி அங்குலம் அங்குலமாக ஊற்றினேன். ஒவ்வொரு அங்குலம் முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். சித்திரை வெயில். கீழே கரி, முன்னால் தீ, மேலே சூரியன். முடித்தபோது எனக்குக் கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெட்டியை அப்படியே சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் வரை ஆறவிட்டேன். அவசரமாக ஆறினால் அதுவே பெட்டியை உடைத்துவிடும்.

இதுவரைக்கும் நான் செய்தது சரி. எந்த வாத்தியார் வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்ததாக நான் வாயைத் திறந்தேன், அங்கேதான் எல்லாம் கெட்டது.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை மேடைக்குள் தள்ளி, செங்கல் அடுக்கி, தீ மூட்டிப் பார்த்தோம். பெட்டிக்கும் செங்கலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகக் கொஞ்சம் புகை வந்தது. முன்பும் வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு எப்போது படுப்போம் என்று இருந்தது.

"சுத்தி சிமெண்டைக் கெட்டியா அடைச்சிடுங்க மேஸ்திரி. ஒரு இடம் விடாதீங்க" என்றேன்.

கொத்தனார் தயங்கினார். "இரும்பாச்சே, அடைச்சா தேவலையா?" என்று கேட்டார். அவருக்கு வார்ப்பைப் பற்றித் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. நான் வெல்டர், சொல்கிறவன். அடையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் பீடி பற்ற வைத்தேன். அவர் இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்தார். புகை நின்றது. முதலாளிக்குப் பரம திருப்தி. அன்றைக்கு எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் விரிசல். நான் ஒட்டிய இடம் அப்படியே கல்லு மாதிரி நின்றது. அதற்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, புதிதாக ஒரு கோடு கதவு வரைக்கும் ஓடியிருந்தது. வெல்டிங் தெரியாதவர்களுக்கு அந்த ஒரு விரல் வித்தியாசம் என்ன புரியும்? ஒட்டினான், உடைந்தது. அவ்வளவுதான்.

ஃபோர்மேன் என்னை ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்தார்.

"ஒரு அடுப்பு. சோறாக்குற அடுப்பு. அதை உன்னால ஒட்ட முடியலை. நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு உன் பேரை டெஸ்ட்டுக்கு அனுப்புறது? நாளைக்கு மைன்ஸ்ல மெஷின் உடைஞ்சா அங்கயும் இப்படித்தான் ஒட்டுவியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்ததுகூடக் கேட்டது. ஒரு வருடம் நாய் மாதிரி உழைத்ததெல்லாம் ஒரு அடுப்பில் போய்விடும் போலிருந்தது. அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. என் ஒட்டில் தப்பு இல்லை, எனக்குத் தெரியும். அப்படியென்றால் வேறு எதிலோ தப்பு. அந்த 'வேறு ஏதோ'வை நான் என் கைக்கு வெளியே மட்டும்தான் தேடினேன். இப்போது யோசித்தால் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பகல் மூன்று மணி சுமாருக்குச் சாப்பிடப் போனேன். பந்தி முடிந்து மெஸ் காலியாகக் கிடந்தது. அக்கா சமையல்கட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். அடுப்பின் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே தணல் மிச்சமிருந்தது, மேலே கரிக்கட்டி கனிந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து ஒரே வீச்சாக உள்ளே ஊற்றினார். 'சொர்ர்' என்று சத்தம். ஆவியும் சாம்பலும் கதவு வழியாகப் பொங்கி வந்தன.

இதை வெளியூர்க்காரர்கள் செய்ய மாட்டார்கள். வேறு எந்த ஊரிலும் தணலை மூடி வைப்பார்கள், சாம்பல் போட்டு அமுக்குவார்கள். எங்கள் ஊரில் கனிகிற எதைப் பார்த்தாலும் கை தானாகத் தண்ணீர் வாளியைத் தேடும். சுரங்கத்துக்குள் ஊற்று பொங்கிவிடக் கூடாதென்று அல்லும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கரி கனிந்தால் தண்ணீர் ஊற்று என்பதை எல்லோருக்கும் அடித்துச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். கரிமேட்டில் இரண்டு வருடம் நின்ற அக்காவுக்குச் சொல்லவே வேண்டாம். கரியைத் தணலோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவருக்குத் தூக்கம் வராது.

சூடான வார்ப்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். இது எந்த வெல்டருக்கும் தெரிந்த பாலபாடம். அந்த ஆவியைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். வயிற்றிலிருந்து குபுகுபுவென்று ஒரு சந்தோஷம். கிடைத்துவிட்டது, நான் பிழைத்தேன் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்னால் இன்று வரை ஜீரணிக்க முடியவில்லை.

"என்னக்கா பண்றீங்க! தினமும் இப்படித்தான் ஊத்துறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் வாளியோடு திரும்பினார். நான் ஏன் கத்துகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

"ஆமாங்க தம்பி. தணலு கெடக்குதே, அப்பிடியே வுட்டுட்டா வூடு போய் சேர முடியுங்களா? கீத்துக் கொட்டாயி. பத்திக்கினா என்னா செய்யிறது?"

நான் அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. அவரிடம் சொல்லியிருக்கலாம். இனி ஊற்றாதீர்கள், சாம்பலைப் போட்டு மூடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் எங்களுக்குள் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை. என் பெயரில் விழுந்த கறை போக வேண்டும், அதுவும் ஃபோர்மேன் காது கேட்கப் போக வேண்டும். சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அவரைக் கூட்டிவந்தேன்.

முதலாளி, ஃபோர்மேன், சமையற்காரர், நான் என்று நாலு ஆண்பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்றோம். அக்கா சுவரோரமாக நின்றார். நான் விலாவாரியாக விளக்கினேன். சூட்டில் இரும்பு விரியும், தண்ணீர் பட்ட இடம் மட்டும் சட்டென்று சுருங்கும், அந்த இழுப்பில் பிளக்கும் என்று கையை விரித்தும் மடக்கியும் காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதே இல்லை. ஃபோர்மேன் தலையாட்டினார். முதலாளிக்குக் காரணமாக ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு இரும்பு அடுப்புன்னு தெரியாதா? நீ பாட்டுக்குத் தண்ணியை ஊத்துறியே, இது என்ன கரிமேடா?"

"தெரியாதுங்க மொதலாளி. இனிமே ஊத்த மாட்டங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். 'தெரியாமல் செய்ததுதானே, இருக்கட்டும்' என்று நான் சொல்லியிருந்தால் முதலாளி விட்டிருப்பார். அன்றைக்கு அங்கே என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நான் குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

அந்த வாரக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

அடுப்பை இரண்டாவது தடவையும் ஒட்டினேன். அதே மாதிரி வெளியே இழுத்து, காய்ச்சி, ஊற்றி, தட்டி, சாம்பலில் புதைத்து, உள்ளே தள்ளி, அதே மாதிரி சிமெண்டை வைத்துக் கெட்டியாக அடைக்கச் சொன்னேன். இந்தத் தடவை கொத்தனார் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஃபோர்மேன் டெஸ்ட்டுக்குப் பெயர் அனுப்பினார். என் பெயர் முதலாவதாக இருந்தது என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார்.

பெயர் போன பத்தாம் நாள் மூன்றாவது விரிசல் வந்தது.

நல்லவேளை, முதலில் பார்த்தது நான்தான். சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது அடுப்பின் வலது பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை வருவதைப் பார்த்தேன். வலது பக்கம். இதுவரை யாரும் தொடாத பக்கம். அக்கா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குப் பதிலாக வந்த ஆளிடம் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று முதலாளி தினம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் சாம்பலை வாரிப் போட்டுத்தான் மூடினார். நானே பார்த்திருக்கிறேன்.

வார லீவில் தனியாகப் போனேன். முதலாளியிடம் சும்மா ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். செங்கலைப் பெயர்த்தபோது உள்பக்கத்துச் சிமெண்ட் நொறுங்கி உதிர்ந்தது. பெட்டியின் நாலு மூலையும் பட்ட இடத்தில் செங்கல் பள்ளமாகக் குழிந்திருந்தது. ஒரு செங்கல் இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தது.

தீ எரிய எரிய அந்தப் பெட்டி பெருத்திருக்கிறது. பெருக்க இடம் வேண்டும். பழைய சந்து அதற்காகத்தான் இருந்தது. அதை அடைக்கச் சொன்னவன் நான். நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டுத் தினமும் இரண்டு வேளை காய்ச்சினால் எந்த வார்ப்புதான் தாங்கும்? நாலு பேரைச் சுற்றி நிற்க வைத்து, இரும்பு விரியும் என்று கையை விரித்துக் காட்டினேனே, அப்போதுகூட அது எதற்குள் விரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று அரை நாள் உட்கார்ந்து செங்கலைச் செதுக்கினேன். பெட்டியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு, புகை வராமல் இருக்கச் சாம்பலைச் சலித்துக் கொஞ்சம் களிமண் கலந்து தளர்வாக அடைத்தேன். வலது பக்க விரிசலையும் ஒட்டினேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

"சின்னதுதாங்க. பழைய கோளாறு."

"அந்தம்மா ஊத்தின தண்ணி. உள்ளுக்குள்ளயே இருந்து இப்பத்தான் வேலையைக் காட்டுது" என்றார் அவர்.

நானாக ஒரு பொய்கூடத் தயார் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவரே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். "ஆமாங்க" என்றேன். டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. டெஸ்ட் முடியட்டும், வேலை கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லி அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அதை நான் நம்பினேன் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அடுப்பு உடையவே இல்லை. இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த ஆளும் இந்த ஊரில் வேலை பார்த்துப் பழகியவர்தானே. முதலாளியின் பாடம் இரண்டு மாதம்தான் தாங்கியது. ஒருநாள் பகலில் அவரும் வாளியை எடுத்துத் தணலில் ஊற்றினார். நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'சொர்ர்' என்றது, ஆவி வந்தது. அவ்வளவுதான். மறுநாளும் ஊற்றினார். பெட்டி அசையவில்லை. தண்ணீர் கரியோடு சண்டை போட்டுவிட்டுச் சாம்பலில் இறங்கிவிடுகிறது, தகட்டுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அக்கா ஊற்றியதும் இப்படித்தான் போயிருக்கும். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

டெஸ்ட்டில் தேறினேன். பெர்மனென்ட் ஆனேன். பிறகு குவார்ட்டர்ஸ், கல்யாணம், மூன்று ஷிப்ட் என்று காலம் போனது. அக்காவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது மனதில் ஒரு மூலையில் கிடக்கும். நாளைக்கு, வார லீவுக்கு, பொங்கலுக்கு என்று தள்ளிப் போகும். களைப்பு எனக்கு நல்ல சாக்காக இருந்தது. உண்மையிலேயே களைப்பாகத்தான் இருந்தேன், அதனால் சாக்கு என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு வருடம் இருக்கும். கரிமேட்டில் தண்ணீர் பைப் ஒன்று பிளந்துவிட்டதென்று என்னை அனுப்பினார்கள். நல்ல உச்சி வெயில். கரித்தூள் காற்றில் பறந்து கண்ணைத் திறக்க விடவில்லை. பைப்பை ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது, மேட்டின் மேலிருந்து தண்ணீர் அடிக்கும் ரப்பர் ஓஸைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார். முந்தானையால் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டை அவிழ்த்தார்.

"வெல்டர் தம்பிங்களா? ஆளே அடையாளம் தெரியல. காக்கிச் சட்டைல்லாம் போட்டுக்கினு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இங்கதான் இருக்கீங்களாக்கா?"

"வேற எங்கங்க போறது? அங்கேந்து நின்னதும் இங்கயே வந்துட்டன்."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. 'அது உங்க தப்பு இல்லக்கா, என் தப்பு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றபோது அவரே கேட்டார்.

"அந்த அடுப்பு இப்ப எப்பிடிங்க இருக்குது?"

"நல்லா இருக்குக்கா."

"அப்பறம் ஒடையவே இல்லீங்களா?"

"இல்ல" என்றேன். அது உண்மைதான். மூன்றாவது விரிசலை ஒட்டிய பிறகு உடையவில்லை.

அவர் ஓஸைக் கீழே போட்டார். எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி விரலை மடக்கினார்.

"அப்ப சரிதாங்க தம்பி. இத்தினி நாளா எனுக்கு மனசே ஒப்பலங்க. தண்ணிக்கிப் போயி இரும்பு ஒடையுமான்னு எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிக்கினே இருப்பன். உங்க மேல அம்மாங் கோவம். பழிய தூக்கி எம்மேல போட்டுட்டாருன்னு வாயார வைஞ்சிருக்கறன். இப்ப பாருங்க, நான் அங்கேந்து வந்தப்பறம் ஒடையலியே. அப்ப நான் ஊத்துனதுதான் காரணம். உங்க கைவேலைய கெடுத்ததும் இல்லாம உங்களயே வைஞ்சிக்கினு இருந்திருக்கறன். மனசுல வெச்சிக்காதீங்க தம்பி."

அவர் கையைக் கூப்பவில்லை, அழவில்லை. ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கு ஒருவழியாக முடிந்த மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பரவாயில்லக்கா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஓஸைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புகை கிளம்பிய பக்கமாக மேட்டில் ஏறிப் போனார். செய்யாத தப்புக்கு நான் அவரை மன்னித்து அனுப்பினேன்.